தோள் இறங்கிய சட்டை

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் எங்கள் கல்யாணப் போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கித் துடைத்தீர்கள். துடைத்தது போதாதென்று அதில் இருக்கும் தலைகளையும் எண்ணினீர்கள். "இதுல பெரியப்பா எங்கப்பா?" என்று பெரியவள் கேட்டாள். "வெளியூர் போயிருந்தார்" என்றேன். நீங்கள் நம்பிவிட்டீர்கள். உங்கள் அம்மா மட்டும் சமையலறை வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

நான் சொன்னது பொய். உங்கள் பெரியப்பா அன்றைக்கு இதே திருச்சியில்தான் இருந்தார். காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அவரை வரவிடாமல் செய்தவன் நான்தான். அதற்குப் பிறகு நாலு வருஷம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அந்த நாலு வருஷம் ஆயுசு முழுக்க நீளாமல் போனதற்கு ஒரு மனிதர் காரணம். அவரைப் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவன். அச்சாபீசில் மற்றவர்கள் எழுதியதைக் கோத்தே பழகிய கை. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அவர் ஒரு தையல்காரர். பெயரை எழுதப் போவதில்லை. காரணம் இருக்கிறது. நாங்கள் போட்ட நாடகங்களின் நோட்டீசை நான்தான் அச்சுக் கோப்பேன். ஒருமுறை எல்லார் பெயரோடும் அவர் பெயரையும் சேர்த்துக் கோத்துவிட்டு, முதல் பிரதியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "நம்ம பேரு எதுக்குண்ணே? மேடையில நானா வரப்போறேன்? வரப்போற வேஷத்துப் பேரைப் போடுங்க, போதும்" என்றார். சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். என்னோடு அச்சாபீசுக்கே வந்து, நான் அந்த ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக உருவி எடுக்கும்வரை நின்றுவிட்டுத்தான் போனார். அன்றைக்கு எடுத்ததை இன்றைக்கு நான் திரும்பக் கோக்கக் கூடாது.

பெரிய கடைவீதியில் எங்கள் அச்சாபீஸ் இருந்த சந்தின் முனையில் அவர் கடை. ஒரு மெஷின், ஒரு மேசை, பின்னால் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் வீடு. என்னைவிட மூன்று வயசு சின்னவர். நான் அவரைப் பாய் என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். எல்லாரையுமே அப்படித்தான் கூப்பிடுவார், தன்னைவிடச் சின்னவனாக இருந்தாலும். ஓயாமல் மெஷினில் குனிந்து குனிந்து கழுத்து இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். நடக்கும்போதும் வலது கால் மெஷின் மிதிப்பதுபோல ஒரு அழுத்து அழுத்திவிட்டுத்தான் அடுத்த அடிக்குப் போகும். உதட்டில் எப்போதும் நாலு குண்டூசி. வருகிறவர்கள் அளவு கொடுத்துக்கொண்டே வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் சொல்வார்கள். வாயில் ஊசி இருப்பதால் அவர் பதில் பேச முடியாது, கேட்டுக்கொண்டே இருப்பார். பேசியே ஆகவேண்டும் என்றால் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் சட்டைக் காலரில் குத்திக்கொள்வார். நாலாவது ஊசி ஏறுவதற்குள் எதிராளியின் கோபம் பாதி இறங்கியிருக்கும்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. தெருவில் யாராவது வித்தியாசமாக நடந்துபோனால், வேலையைப் போட்டுவிட்டு அவர் பின்னால் பத்தடி அதே மாதிரி நடந்துபார்ப்பார். கேலி என்று நினைத்து ஒருவர் அடிக்கவே வந்துவிட்டார். "கேலி இல்லண்ணே, உங்க காலு ஏன் இப்படி வெளிய திரும்புதுன்னு போட்டுப் பாத்தேன். பேண்ட்டு தைக்க வந்தீங்கன்னா கணக்கு வேணும்ல" என்றார். வந்தவர் சிரித்துவிட்டு அங்கேயே பேண்ட்டுக்கு அளவு கொடுத்தார்.

'போட்டுப் பாத்தேன்' என்பது அவருடைய வார்த்தை. நாம் சட்டையைப் போட்டுப் பார்க்கிறோம். அவர் ஆளையே போட்டுப் பார்ப்பார்.

அந்த நாளில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து நாடகம் போட்டுக்கொண்டிருந்தோம். அச்சாபீஸ் ஆட்கள், மார்க்கெட் ஆட்கள், கதை எழுத ஒரு தபால்காரர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேங்காய் மண்டி மாடியில் ஒத்திகை. வருஷத்துக்கு இரண்டு முறை பாலக்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் மேடை. பாய்தான் உடை தைப்பார், வேஷம் கட்டுவார், யாருக்கு எந்த வேஷம் என்றும் சொல்வார்.

அப்போது ஜங்ஷனுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் ஓடிய டவுன் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் இருந்தார். சிடுமூஞ்சி. இறங்க வேண்டிய இடத்தைச் சொன்னால் பதில் சொல்ல மாட்டார். இரண்டாம் முறை சொன்னால் கத்துவார். அவரை வைத்து ஒரு காமெடி வேண்டும் என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம். பாய் கண்டக்டர் வேஷத்தைத் தானே எடுத்துக்கொண்டார். நாலு ஞாயிற்றுக்கிழமை ஜங்ஷனுக்கும் ஸ்ரீரங்கத்துக்குமாக அந்த பஸ்ஸிலேயே போய்ப் போய் வந்தார். நாடகத்தன்று கண்டக்டராக மேடைக்கு வந்தபோது ஹால் சிரித்து உருண்டது. ஆனால் அவர் ஒன்றைச் சேர்த்திருந்தார். யார் எது சொன்னாலும் முகத்தைத் திருப்பி வலது காதைக் கொடுப்பார், அப்புறம்தான் பதில். வசனத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இரண்டு மூன்று முறை அப்படிச் செய்ததும் முன்வரிசையில் சிரிப்பு குறைந்தது. தினமும் அந்த பஸ்ஸில் போகிறவர்கள்தானே அவர்களும்.

மறுநாள் நிஜக் கண்டக்டர் பாயின் கடை வாசலில் வந்து நின்றார். சண்டைதான் என்று நான் அச்சாபீசிலிருந்து ஓடினேன். அவர் குரலைத் தாழ்த்தி, "பாய், இடது காது எனக்குச் சுத்தமாக் கேக்காது. ஆபீசுக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார். பாய் வாயில் ஊசியோடு தலையை மட்டும் ஆட்டினார். அதற்குப் பிறகு அந்த பஸ்ஸில் நாங்களெல்லாம் வலது பக்கம் போய் நின்று டிக்கெட் கேட்டோம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொள்ளவில்லை. கண்டக்டர் கத்துவதும் குறைந்துபோனது. அவர் ரிட்டயராகிப் போய்விட்டார். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

இன்னொரு சமயம் பாய்க்கு மாமியார் வேஷம். எங்கள் நாடகத்தில் பெண் வேஷமும் ஆண்களே கட்டுவோம். ஒரு மாதம் கடைக்கு வந்தவர்கள் பாடு திண்டாட்டம். துணியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இதைத்தான் புடிச்சுட்டு வந்தியா? கண்ணு எங்க போச்சு?" என்பார். திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி குரல் வரும்.

"இன்னிக்கு வீட்டுக்கு யாரு சாப்பிட வராங்கன்னு சொல்லிடுங்க. அதுக்குத் தக்க உலை வைக்கணும்."

"உன் மாமியாதான் வராங்க."

"அப்படின்னா பழைய சோறு போதும்."

நிஜ மாமியாரும், அதாவது பாயின் அம்மாவும், உள்ளேதான் இருந்தார். அவரும் சேர்ந்து சிரிப்பது கேட்கும். அந்த வேஷத்தைப் போட்டுப் பார்த்ததில் பாய் ஒன்று கண்டுபிடித்தார். அம்மாவின் புலம்பல் தினமும் ஒரே நேரத்தில்தான் தொடங்குகிறது. வெளிச்சம் குறைந்து, பொத்தான் தைக்கிற அம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாமல் போகிற நேரம். அன்றிலிருந்து அஸ்தமனத்துக்கு முன் பத்து ஊசியில் நூல் கோத்து அம்மாவின் பக்கத்தில் வைத்துவிடுவார். "புலம்பல் நின்னுதா பாய்?" என்று கேட்டேன். "நிக்கலண்ணே. பத்து ஊசியும் தீந்தப்புறம் ஆரம்பிக்குது" என்றார்.

எப்போதும் இப்படிச் சாதுவாக இருந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். கடையின் நிலைக்கதவில் ஆழமாக ஒரு வெட்டு இருந்தது. தச்சரைக் கூப்பிட்டு மரத்தூள் அடைத்துத் தரச் சொல்கிறேன் என்று நான் ஒருமுறை சொன்னேன். பாய் ஊசிகளை எடுத்துக் காலரில் குத்திக்கொண்டார்.

"அது இருக்கட்டும்ணே. பத்தொம்பது வயசுல எங்க அத்தா மேல கத்திரிக்கோலை வீசினேன். அவர் குனிஞ்சாரு, அது அங்க போய்க் குத்திச்சு. அதுக்கப்புறம் ஒரு நாடகத்துல தகப்பன் வேஷம் போட ஆள் வரலன்னு என்னைப் புடிச்சுப் போட்டாங்க. மகன் எதிர்த்துப் பேசற சீன். நான் அத்தா மாதிரி நின்னு பாத்தேன். எப்படி நிப்பாரு தெரியுமா, ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டு. திமிருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். கட்டிப் பாத்தாத்தான் தெரியுது, கை நடுங்கறதை மறைக்கறதுக்கு."

கொஞ்ச நேரம் மெஷினை ஓட்டினார். பிறகு, "நடிக்கறதுக்காக மேடை ஏறலண்ணே. எறங்கறப்ப வேற ஆளா எறங்கலாமான்னு பாக்கறதுக்கு ஏறுறேன்" என்றார்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்குப் பதிமூன்று வயசில் அப்பா போய்விட்டார். வீட்டில் அம்மா, அண்ணன், நான். அண்ணன் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். நான் எட்டாவதில் வகுப்புக்கு முதல். ஒருநாள் சாயங்காலம் அண்ணன் வந்து, ஆணியில் தொங்கிய என் புத்தகப் பையை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டு, "நாளைலேருந்து பள்ளிக்கூடம் வேணாம். அச்சாபீசுல சொல்லியிருக்கேன், போ" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. நான் அழுதேன், மூன்று நாள் சாப்பிடவில்லை. அச்சாபீசுக்குப் போனேன். அண்ணன்மேல் வந்த வெறுப்பு மட்டும் போகவில்லை. கூடப் படித்தவர்கள் பேண்ட்டு போட்டு ஆபீசுக்குப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் அது வளர்ந்தது.

என் கல்யாணத்தின்போது அம்மாவும் உயிரோடு இல்லை. அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் பெயரில்தான் பத்திரிகை அடிக்க வேண்டும். 'தங்கள் நல்வரவை நாடும்' என்ற வரிக்குக் கீழே அவர் பெயர் வரவேண்டும். பத்திரிகையை அச்சுக் கோத்தவன் நானே. முதலில் அண்ணன் பெயரைத்தான் கோத்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு உருவி எடுத்துவிட்டு, எங்கள் மாமா பெயரைக் கோத்தேன். தாம்பூலத் தட்டோடு நேரில் போய் அழைக்க வேண்டிய அண்ணனுக்குத் தபாலில் அனுப்பினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. மார்க்கெட்டில் யாரோ உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார்கள், அத்தனை பேருக்கு நடுவில். அவர் வரவில்லை. வராததையும் அவர் குற்றமாகவே கணக்கு வைத்தேன்.

நோட்டீசிலிருந்து பாய் தன் பெயரை எடுக்கச் சொன்ன அன்றைக்கு என் கை கொஞ்சம் தடுமாறியது. ஏன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

இந்தக் கதையையெல்லாம், என் பக்கத்து நியாயத்தோடு, ஒருநாள் ஒத்திகையில் சொன்னேன். தபால்காரர் அதையே நாடகமாக எழுதிவிட்டார். அப்பா இல்லாத வீடு, மூட்டை தூக்கும் அண்ணன், படிக்கிற தம்பி, ஆணியில் பை. தம்பி வேஷம் எனக்குத்தான் என்று நான் வசனத்தைக்கூட மனப்பாடம் செய்துவிட்டேன்.

எங்களிடம் பாய் வைத்திருந்த ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு யாரைக் கண்டால் ஆகாதோ, அந்த வேஷம் அவருக்கு. அதை நான் மறந்துபோனேன்.

"அண்ணன் வேஷம் உங்களுக்கு" என்றார் பாய்.

"வேணாம் பாய். அந்த ஆளு வேஷம் என்னால முடியாது. தம்பி வேஷம் குடுங்க."

"தம்பியைத்தான் நீங்க பதினஞ்சு வருஷமா ஆடிக்கிட்டிருக்கீங்களேண்ணே. புதுசா அதுல என்ன இருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. எழுந்து வந்துவிட்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கமே போகவில்லை. அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு போர்ஷனில் இருந்தோம். உங்கள் அம்மா பெரியவளை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள். "வேஷம் போட்டா உடம்புல ஒட்டிக்குமா என்ன? பயமா இருந்தா இருக்குன்னு சொல்லுங்க." அதற்கு மேல் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. போனேன்.

ஒத்திகையில் நான் அண்ணனை ராட்சசன் மாதிரி ஆடினேன். மீசையை முறுக்கினேன், பையை வலது கையால் வெடுக்கென்று பிடுங்கினேன், கத்தினேன். மற்றவர்கள் கை தட்டினார்கள். பாய் மட்டும் தலையை ஆட்டினார். ஊசிகளை எடுத்துவிட்டு, "நீங்க அவரை ஆடலண்ணே. அவரு மேல இருக்கற கோவத்தை ஆடறீங்க" என்றார். ஒவ்வொரு ஞாயிறும் இதையேதான் சொன்னார்.

நாடகத்தன்று சாயங்காலம் மேடைக்குப் பக்கத்து அறையில் அரிதாரம் பூசி உட்கார்ந்திருந்தேன். பாய் ஒரு காகிதப் பொட்டலத்திலிருந்து வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். போட்டேன். பொருந்தவில்லை. கண்ணாடியில் பார்த்தால் வலது தோள் பக்கம் துணி சரிந்து தொங்குகிறது.

"என்ன பாய் இது, தோளைக் கோணலா வெட்டி வச்சிருக்கீங்க? ஒரு பக்கம் ஒண்ணேகால் இன்ச் எறக்கம்!"

"சட்டை சரியாத்தான் இருக்கு. நீங்கதான் நிமிந்து நிக்கிறீங்க. போட்டுப் பாருங்கண்ணே."

மணி அடித்துவிட்டார்கள். வேறு சட்டைக்கு நேரம் இல்லை. துணி தொங்குவது சபைக்குத் தெரியக் கூடாதே என்று வலது தோளைக் கீழே இறக்கினேன். சட்டை அப்படியே உட்கார்ந்துகொண்டது. தோளை இறக்கினால் தலை தானாக முன்னால் வருகிறது, நடை மெதுவாகிறது. அப்படியே மேடைக்குள் போனேன்.

தம்பி வேஷத்தில் எங்கள் அச்சாபீஸ் பைண்டர், மீசையை மழித்துவிட்டு, அரை டிராயரோடு தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான். நான் ஆணிக்குப் பக்கத்தில் போய் வலது கையைத் தூக்கினேன். கை தோளுக்கு மேலே போகவில்லை. கை சேரும் இடத்தில் சட்டை பிடித்துக்கொண்டது. அந்தச் சட்டை கையைத் தூக்க முடியாத ஒருவருக்காக வெட்டியது. இன்னும் தூக்கினால் கிழிந்துவிடும். ஒன்றும் தோன்றாமல் இடது கையை நீட்டிப் பையை எடுத்தேன்.

எடுத்த அந்த நொடியில்தான் எனக்கு நினைவு வந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன் என் அண்ணனும் பையை இடது கையால்தான் எடுத்தார். அவர் வலது கைக்காரர். கையை நான் பார்த்திருக்கிறேன்; என் கண் முன்னால்தான் நடந்தது. இத்தனை வருஷம் அந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், ஒரு தடவைகூட அந்தக் கையைச் சொன்னதில்லை.

பை கையில் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பைண்டர் என்னை அண்ணாந்து பார்த்தான். பதிமூன்று வயசு முகத்தை அந்த உயரத்திலிருந்து அதுவரை நான் பார்த்ததில்லை. என் வசனம், "நாளைலேருந்து நீ பள்ளிக்கூடம் போகக் கூடாது!" வாயில் வரவில்லை. பக்கவாட்டிலிருந்து தபால்காரர் வசனத்தை எடுத்துக் கொடுக்கிறார், ஒரு தடவை, இரண்டு தடவை. காதில் விழுகிறது. ஹாலில் ஒரு குழந்தை இருமியது.

"சாப்டியாடா?" என்று கேட்டேன்.

நாடகத்தில் அப்படி ஒரு வரி இல்லை. ஆனால் அன்றைக்கு அண்ணன் முதலில் கேட்டது அதைத்தான். பையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "சாப்டியாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைச் சொன்னார். அதையும் நான் மறந்திருந்தேன். பைண்டர் பாவம், என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், "சாப்டேண்ணே" என்றான். பிறகு வசனத்தைச் சொன்னேன், கத்தாமல். அந்தத் தோளோடு கத்த வராது.

திரை விழுந்ததும் பாயைத் தேடிப் போனேன். ஹாலுக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"யார் சட்டை பாய் இது?"

ஊசிகளை எடுத்துக் காலரில் குத்திக்கொண்டார். "உங்க கல்யாணத்துக்குப் போட்டுக்கணும்னு ஒருத்தர் வந்து அளவு குடுத்தாரு. அவருக்கு அதுதான் மொதச் சட்டை. தச்சு வச்சேன். வாங்க வரல. வருஷத்துக்கு ஒருக்கா தொவைச்சு வெயில்ல போட்டு எடுத்து வைப்பேன்."

"தோளு?"

"அளவெடுக்கறப்பக் கேட்டேன். வெல்ல மூட்டை சறுக்கி விழுந்துதாம். மூணு மாசம் கையே எழும்பலையாம், கூலியும் இல்லையாம், வீட்டுல காட்டிக்கலையாம். எப்பண்ணேன்னு கேட்டதுக்கு, 'தம்பி எட்டாவது படிக்கறப்ப'ன்னாரு. வேற எதுவும் சொல்லல. யாருகிட்டயும் சொல்ல வேணாம்னு மட்டும் சொன்னாரு."

"நாலு வருஷமா என்கிட்ட ஏன் பாய் சொல்லல?"

"வாக்கு குடுத்துட்டேனே. அதோட, சொன்னா நம்பியிருப்பீங்களாண்ணே?"

நம்பியிருக்க மாட்டேன். அண்ணனுக்குப் பரிந்துகொண்டு கதை கட்டுகிறார் என்று அவரிடமும் பேச்சை நிறுத்தியிருப்பேன். உங்கள் அப்பா அப்படிப்பட்ட ஆள்தான் அப்போது.

மறுநாள் காலையில் உங்கள் அம்மா எதுவும் கேட்காமல் நாலு இட்லி வைத்தாள். சாப்பிட்டுவிட்டுச் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு சைக்கிளில் மார்க்கெட்டுக்குப் போனேன். அண்ணன் லாரி பக்கத்தில் சாக்கு விரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்து ஆளிடம் உரக்கச் சொன்னார்.

"டேய், அச்சாபீஸ் தொரை வந்திருக்காரு, வழி விடுங்கடா. வெங்காயம் மேல பட்டுடப் போவுது."

நான் சட்டையை நீட்டினேன்.

"என்னது?"

"உன் சட்டை."

வாங்கிப் பிரித்தார். தோள் பக்கத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். எங்கேயோ பார்த்துக்கொண்டு, "நான் இதைப் போட்டே பாக்கலையே. கழுத்துல ஏண்டா இவ்வளவு செவப்பு?" என்றார்.

"அரிதாரம். நேத்து நாடகத்துல நான் போட்டேன்."

"என் சட்டையையா? உனக்கு எங்க சேரும்?"

"தோளை எறக்கினேன். சேந்துது."

அண்ணன் சட்டையை மடிக்கத் தொடங்கினார். ஒருமுறை மடித்தார், சரியில்லை என்று பிரித்தார், மறுபடி மடித்தார். எனக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. பத்திரிகையைப் பற்றி, எழுத்தை உருவினதைப் பற்றி. "அண்ணே, நான்..." என்று ஆரம்பித்தேன்.

"சாப்டியாடா?" என்றார்.

"இல்ல" என்றேன். அதுவும் பொய்தான். மார்க்கெட் வாசலில் ஒரு கடையில் மறுபடி நாலு இட்லி சாப்பிட்டேன். அவர் எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்திரிகை விஷயத்தைச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினபிறகு சொன்னேன். "படிக்கத் தெரியாதவனுக்குப் பேரு எங்க இருந்தா என்னடா" என்றார். அது உண்மையில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பெரியவளின் காதுகுத்துப் போட்டோவில் பெரியப்பா ஒரு வெள்ளைச் சட்டையில் நிற்கிறார் அல்லவா? கழுத்துப் பக்கம் கறை தெரியும். போட்டோ பழசாகி வந்த கறை என்று நினைத்திருப்பீர்கள். துவைத்துத் துவைத்துப் பார்த்தோம், போகவில்லை. அந்தக் காதுகுத்துப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள், அழைப்பவர் பெயர் யார் பெயர் என்று. அன்றைக்கு வந்திருந்த பாயின் மடியில்தான் பெரியவள் ஈரம் பண்ணினாள். "அளவு குடுக்குதுண்ணே" என்றார்.

சின்னவன் பிறந்த மறு வருஷம் பாய் பினாங்குக்குப் போனார். அவர் மாமனார் வழியில் யாரோ அங்கே துணிக்கடை வைத்திருந்தார்கள். நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏற வேண்டும். ஜங்ஷனுக்கு வழியனுப்பப் போனேன். அண்ணன் வாழைப்பழத் தார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு முன்னாலேயே வந்து நின்றிருந்தார், இடது தோளில். வண்டி நகரும் முன் பாய் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் இரண்டு தோளையும் பிடித்துப் பார்த்தார். "அளவு மாறியிருக்கே. வலது பக்கம் ஒரு நூல் அளவு எறங்கியிருக்கு" என்று சிரித்தார். நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. பிறகு ஒரே ஒரு கடிதம் வந்தது. அதன் அடியிலும் அவர் பெயர் இல்லை.

அண்ணன் மார்க்கெட்டுக்குத் திரும்பிவிட்டார். நான் தனியாக ஸ்ரீரங்கம் திரும்பினேன். சாயங்காலம். காவிரியில் பாதி மணல், பாதி தண்ணீர். பாலத்தின் தொடக்கத்தில் சைக்கிளிலிருந்து இறங்கி அதைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் கழுத்தை இடது பக்கம் சாய்த்தேன். வலது காலை ஒரு அழுத்து அழுத்தி அடுத்த அடி வைத்தேன். உதட்டை நாலு குண்டூசி பிடிக்கிற அளவுக்கு மூடிக்கொண்டேன். முதலில் கால் தடுக்கியது, அப்புறம் பழகிவிட்டது. அந்தக் கழுத்தோடு பார்த்தால் எதிரில் வருகிறவர்களின் முகத்துக்கு முன்னால் தோள்தான் தெரிகிறது. புல்லுக்கட்டு சுமந்து ஒரு அம்மா வந்தார், குடத்தோடு ஒருவர், தோளில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு ஒருவர்.

ஸ்ரீரங்கத்துக் கரை வந்தது. சைக்கிளை நிறுத்தி, உதட்டிலிருந்து இல்லாத ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, நாலையும் என் சட்டைக் காலரில் குத்திக்கொண்டேன். பிறகு சைக்கிளில் ஏறினேன்.